கிலோ கணக்கில் ஒரு பேர்!

லீவு விட்டாச்சு! செமஸ்டர் எப்படி எழுதினீங்கன்னு கேட்டு உங்க மூடைக் கெடுக்கப் போறதில்லை. (என்கிட்டயும் கேட்காதீங்க... டீல்?) நேரா விஷயத்துக்கு வருவோம். கையில் 500 ரூபாய், ஒரே ஒரு நாள், கூட வர நாலு பேர். இவ்வளவுதான் இருக்குன்னா எங்கே போவீங்க?

எங்க கேங்கில் இதுக்கு வந்த பதில்கள்: ஊட்டி (500 ரூபாய்க்கா? ஆசை தோசை!), தியேட்டர் (ஏ.சி. மட்டும் நல்லா இருக்கும்), ஹாஸ்டல் மொட்டை மாடி (பணம் மிச்சம்). நான் மட்டும் 'காரைக்குடி'ன்னேன். "ஓ... சிக்கன் சாப்பிடவா?"ன்னு எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. "இல்லை, பழைய சாமான் பார்க்க!"ன்னதும் அதே வேகத்தில் வாடியது. "பழைய சாமானா? எங்க வீட்டுப் பரணுக்கு வா, டிக்கெட் இல்லாமக் காட்டறேன்"னான் சிவில் டிபார்ட்மென்ட் நண்பன்.

அவன் கிண்டலா சொன்ன அந்தப் பரண்தான் எனக்குப் பிரச்னையே!

முசிறி பக்கம் கிராமத்தில் எங்களுக்கு ஒரு பழைய வீடு இருக்கு. அப்பாயி அங்கேதான் இருக்காங்க. அந்த வீட்டுப் பரணில் ஒரு பெரிய பித்தளை அண்டா, ஒரு கொப்பரை, ரெண்டு குடம். ஃபைனல் இயர் ஹாஸ்டல் ஃபீஸ் கட்டணும்னு அப்பா அதையெல்லாம் கீழே இறக்கினார். பழைய பித்தளை வாங்கறவர் தராசோட வந்து நிறுத்தார். அண்டா 11 கிலோ, கொப்பரை 9 கிலோ, குடங்கள் 3 கிலோ வீதம் 6 கிலோ. மொத்தம் 26 கிலோ. கிலோ 400 ரூபாய் மேனிக்கு 10,400 ரூபாய். "ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன்"னு சொல்லிட்டுப் போயிட்டார். அது புதன்கிழமை. அன்னிக்கு ராத்திரி அம்மா போன்ல சொன்னது இதுதான்: "காரைக்குடி போறேன்னியே, அங்கே இதுக்கெல்லாம் என்ன விலைன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாயேன்."

ஆக, மத்த நாலு பேருக்கு டூர். எனக்கு மார்க்கெட் சர்வே!

தேக்கு வந்த கதை

வெள்ளிக்கிழமை காலையில் திருச்சியில் பஸ் ஏறினோம். ஜன்னல் சீட்டுக்கு வழக்கமான அடிதடி. புதுக்கோட்டை தாண்டினதும் திருமயம். பாறை மேல் உட்கார்ந்திருக்கிற கோட்டையை ரோட்டில் இருந்தே பார்க்கலாம். 1687-ல் சேதுபதி மன்னர் கட்டினது. "அடுத்த டிரிப் இங்கே"ன்னு ஒருமனதாத் தீர்மானம் நிறைவேற்றிட்டு, காரைக்குடியில் போய் இறங்கினப்போ வெயில் வரவேற்புக் கமிட்டி மாதிரி நின்னுக்கிட்டு இருந்தது. கத்திரி வெயில் சார்... செருப்பு தார் ரோட்டில் ஒட்டுது!

2024-ல் மாநகராட்சி ஆன ஊர் இது. மொபைல் கடை, ஜவுளிக் கடை, டிராஃபிக் எல்லாம் உண்டு. ஆனா மெயின் ரோட்டை விட்டு ரெண்டு தெரு உள்ளே திரும்பினா ஆளே இல்லாத பிரமாண்டமான வீடுகள். முன் வாசல் ஒரு தெருவில். கொல்லை வாசல் அடுத்த தெருவில். நடுவில் முகப்பு, வளவு, ரெண்டாம் கட்டு, சமையல் கட்டுன்னு ரயில் பெட்டி மாதிரி போய்க்கிட்டே இருக்கும். சிவில்காரன் பையில் இருந்து டேப் எடுக்காத குறை. "வாசல்ல நின்னா கொல்லைக் கதவு தெரியுது பாரு. நடுவுல திறந்த முற்றம். சூடான காத்து மேலே போகும், ரெண்டு பக்கமும் இருந்து காத்து உள்ளே வரும். கரன்ட் பில்லே இல்லாத ஏ.சி."ன்னு லெக்சர் ஆரம்பிச்சுட்டான். சுவரைத் தொட்டா வழவழன்னு கண்ணாடி மாதிரி இருக்கு. சுண்ணாம்பை அரைச்சு, முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசின பூச்சு அது. "எங்க மெஸ்ல முட்டை கிடைக்காததுக்குக் காரணம் இதுதானா?"ன்னு என் ரூம்மேட் கேட்டது வரலாற்றில் இடம்பெற வேண்டிய கேள்வி.

இத்தனை பெரிய வீடு கட்ட எங்கே இருந்து பணம் வந்தது? பதில் கடல் தாண்டி இருக்கு. 1852-ல் கீழ் பர்மாவைப் பிரிட்டிஷ்காரர்கள் பிடித்த பிறகு, ஐராவதி டெல்டாவில் நெல் விவசாயம் பெருகியது. காட்டை வெட்டி வயலாக்குற விவசாயிக்குக் கடன் வேணும். பெரிய பாங்குகள் கொடுக்கவில்லை. கொடுத்தவர்கள் நகரத்தார். பர்மா, இலங்கை, மலேயா என்று லேவாதேவித் தொழில் பரவியது. லாபம் ஊருக்கு வந்தப்போ கூடவே பர்மா தேக்கு வந்தது, இத்தாலி மார்பிள் வந்தது, ஐரோப்பாவில் இருந்து கண்ணாடியும் சரவிளக்கும் வந்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் அடி ஆரம்பம். கடனைத் திருப்ப முடியாதவர்களின் நிலம் இவர்கள் கைக்கு வந்தது; கூடவே அங்கே கோபமும் வளர்ந்தது. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் புகுந்தப்போ ஏராளமான பேர் எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்தார்கள். 1948-ல் பர்மா சுதந்திரம் அடைந்ததும் நிலச் சட்டங்கள் மாறின. 1962-ல் ராணுவ ஆட்சி வந்தது. மிச்சம் மீதியும் போச்சு.

பணம் வந்த வழி அடைபட்டது. வீடு மட்டும் நின்னுது. ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பங்காளிகள். ஒருத்தர் சென்னையில், ஒருத்தர் சிங்கப்பூரில், ஒருத்தர் அமெரிக்காவில். யார் கூரை மாத்தறது? யார் வெள்ளை அடிக்கறது? கடைசியில் 'பிரிச்சுக்கலாம்'னு முடிவாகும். வீட்டைப் பிரிச்சா தூண் தனி, கதவு தனி, உத்தரம் தனி, பரண் சாமான் தனி. அந்தச் சாமான் வந்து சேர்கிற இடம்தான் நாங்க தேடிப் போன தெரு.

இன்னொரு பக்கமும் சொல்லணும். இதே பகுதிக்காரர்தான் அழகப்பச் செட்டியார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கே வரணும்னு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தாங்க. அரண்மனையா கட்டி வெச்சது பிரிஞ்சு போகுது. காலேஜா, ஆராய்ச்சிக் கூடமா கட்டிக் கொடுத்தது இன்னும் நம்ம மாதிரிப் பசங்களுக்கு சோறு போடுது. எலெக்ட்ரோபிளேட்டிங் படிக்கும்போது காரைக்குடியை ஒரு தடவை நினைச்சுக்கோங்க!

தெரு முழுக்கப் பாட்டி வீடு

முனீஸ்வரன் கோவில் தெரு. ரெண்டு பக்கமும் பழைய பொருள் கடைகள். சில கடைகள் பெட்டிக் கடை சைஸ். சில கடைகள் உள்ளே போனா வெளியே வர வழி தெரியாத சைஸ். எல்லாத்திலும் ஒரே மாதிரி மெல்லிய இருட்டு, தூசி, புளி போட்டுத் தேய்ச்ச பித்தளை வாசனை.

என்னவெல்லாம் இருக்குன்னு கேட்கறீங்களா? மூச்சைப் பிடிச்சுக்கோங்க. மரப்பாச்சி, பல்லாங்குழி, அஞ்சறைப் பெட்டி, கல்லாப் பெட்டி, தேன்குழல் அச்சு, தூக்குப் போணி, கூஜா, ஈயச் சொம்பு, பாக்குவெட்டி, படி, உழக்கு, பர்மா அரக்குக் கூடை, கீ கொடுக்கிற சுவர்க் கடிகாரம், அரிக்கேன் விளக்கு, காலணா, அரையணா, கிராமபோன் தட்டு, யானைக்கால் சைஸ் பூட்டு, அந்தப் பூட்டுக்குக் கை நீள சாவி, ரவிவர்மா படம், தஞ்சாவூர் ஓவியம், யாரோ ஒரு குடும்பத்தின் குரூப் போட்டோ.

ஸ்டார் அட்ராக்‌ஷன் எனாமல் பாத்திரங்கள். நீலம், பச்சை, வெள்ளை, கிரீம்னு அடுக்கடுக்கா டப்பாக்கள், தட்டுகள், டிபன் கேரியர்கள். தூக்கிப் பார்த்தா அடியில் ஸ்வீடன் நாட்டு முத்திரை! எங்கேயோ பனி கொட்டுற ஊரில் செஞ்ச டப்பாவில் செட்டிநாட்டு ஆச்சிங்க மிளகாய் வத்தல் போட்டு வெச்சிருக்காங்க. எனாமல்னா பெயின்ட் இல்லை மக்களே. கண்ணாடித் தூளை இரும்புத் தகடு மேல் பூசி, 800 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடு காட்டி உருக வெச்சு ஒட்ட வைக்கிறது. அதனால்தான் எத்தனை வருஷம் ஆனாலும் கலர் மங்கலை. கீழே போட்டா மட்டும் சில்லு பேர்ந்துடும். மெட்டீரியல் சயின்ஸ் பேப்பரில் மூணு மார்க் கேள்வி, இங்கே மிளகாய் டப்பாவா உட்கார்ந்திருக்கு.

உழக்கைக் கையில் வெச்சு முழிச்சுக்கிட்டு இருந்த இ.சி.இ. ஜோடிக்குக் கடைக்காரர் வகுப்பு எடுத்தார். "ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு. ரெண்டு உழக்கு ஒரு உரி. ரெண்டு உரி ஒரு படி." உடனே இ.சி.இ. சொன்னான், "அட... இது பைனரி!" நிஜமாவே அப்படித்தான். 2, 4, 8. நம்ம கொள்ளுப்பாட்டிங்க கால்குலேட்டர் இல்லாம அரிசி அளந்த லாஜிக் அது.

மெக்கானிக்கல் செக்கிங்

இங்கே போனா எல்லாமே பழசுன்னு நம்பிடாதீங்க. புதுசா செஞ்சு பழசாக்குற கலையும் உலகத்தில் உண்டு. ஒரு பெரியவர், கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், எங்க அஞ்சு பேர் ஜேபியிலும் சேர்த்து ஒரு கடிகாரம் வாங்கக்கூட வழியில்லைன்னு முதல் பார்வையிலேயே கண்டுபிடிச்சுட்டார். இருந்தும் உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்து, பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். அவர் சொன்னதும் நான் படிச்சதும் கலந்து உங்களுக்காக:

காந்தம் கொண்டு போங்க. பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினா உள்ளே இரும்பு, மேலே வெறும் முலாம்.

தேய்மானம் எங்கே இருக்குன்னு பாருங்க. கை பிடிக்கிற இடம், தரையில் உரசுற அடிப்பாகம், மூடி மோதுற விளிம்பு... இங்கெல்லாம்தான் நிஜமான பாத்திரம் தேயும். உடம்பு முழுக்க ஒரே சீராக் கறுத்திருந்தா அது வயசு இல்லை, கெமிக்கல்.

பெட்டியில் ஸ்க்ரூவைப் பாருங்க. 'ப்ளஸ்' தலை ஸ்க்ரூவுக்கு பிலிப்ஸ் பேடன்ட் வாங்கினதே 1936-ல்தான். 'நூத்தம்பது வருஷப் பெட்டி'யில் ப்ளஸ் ஸ்க்ரூ இருந்தா, ஒண்ணு பின்னாடி ரிப்பேர் பண்ணியிருக்கணும். இல்லாட்டி உங்களுக்கு அல்வா!

ரவிவர்மா படத்தை லென்ஸில் பாருங்க. அவர் அச்சகம் ஆரம்பிச்சது 1894-ல்; கல் அச்சு. புள்ளிகள் முன்னே பின்னே இருக்கும். கட்டம் போட்ட மாதிரி ஒழுங்கான புள்ளிகள் தெரிஞ்சா, அது ஆஃப்செட்டில் போட்ட மறுபதிப்பு.

சட்டமும் தெரிஞ்சுக்கோங்க. 1972-ல் வந்த தொல்பொருள் சட்டப்படி, 100 வருஷம் தாண்டின கலைப் பொருட்களைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. முக்கியமான ஓலைச்சுவடி, கையெழுத்துப் பிரதின்னா 75 வருஷமே போதும். அப்படிப்பட்ட பொருளை விற்க லைசென்ஸ் வேணும். பெரியப்பா துபாய்க்குக் கேட்டார்னு பழைய சாமி சிலையைப் பெட்டியில் வெச்சா கம்பிதான் எண்ணணும்.

யாரோ ஒருத்தர் பேர்

மத்தியானம் இலை போட்டுச் சாப்பாடு. வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் பார்சல். பட்ஜெட்டில் பாதி அங்கேயே காலி. அதுக்கப்புறம் மத்தவங்க நிழல் தேட, நான் மட்டும் திரும்பவும் பெரியவர் கடைக்குப் போனேன். போனில் இருந்த எங்க வீட்டு அண்டா, கொப்பரை போட்டோவைக் காட்டினேன்.

அவர் உடனே விலை சொல்லலை. "அண்டாவில பேர் வெட்டியிருக்காம்மா?"ன்னு கேட்டார்.

எனக்குப் புரியலை. கடைக்குள் கூட்டிட்டுப் போய் ஒரு வரிசையைக் காட்டினார். அத்தனை நேரம் அந்தப் பாத்திரங்களுக்கு நடுவில்தான் சுத்தினேன்; வடிவத்தையும் சைஸையும்தான் பார்த்தேன். இப்போ குனிஞ்சு பார்த்தா ஒவ்வொண்ணு கழுத்திலும் எழுத்து. சின்ன உளியை வெச்சுச் சுத்தியலால் தட்டித் தட்டி, புள்ளி புள்ளியா வெட்டின பேர்கள். இனிஷியல், ஊர்ப் பேர், அப்புறம் ஒரு பொண்ணு பேர். 'லை', 'னை' எல்லாம் கொம்பு வெச்ச பழைய எழுத்தில் இருந்தது. 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வர்றதுக்கு முன்னாடி புழங்கின வடிவம்.

"கல்யாணச் சீர் சாமான்ம்மா. பொண்ணு கூடப் போறது. யார் வீட்டுச் சீர்னு கலந்துடக் கூடாதுல்ல, அதான் பேர் வெட்டறது. வீடு பிரிச்சா இதுவும் கூடவே வந்துடும்"னார்.

"பேர் இருந்தா விலை கூடுமா?"

"சிலர் பேர் இருந்தாதான் எடுப்பாங்க. ஹோட்டல்காரங்க, வீட்டு டெகரேஷனுக்கு வாங்கறவங்க சிலர் தேய்ச்சுக் கொடுங்கன்னு கேட்பாங்க. வேற யாரோ பேரு நம்ம வீட்ல எதுக்குன்னு."

"தேய்ச்சா போயிடுமா?"

"பாலிஷ் வீல்ல காட்டினா அஞ்சு நிமிஷம். கிலோக் கணக்குல உருக்கப் போனா அதுவும் வேண்டாம்."

மெக்கானிக்கல் படிக்கிறவளுக்கு அதுக்கு மேல் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பித்தளைன்னா காப்பரும் ஜிங்க்கும். சுமார் 900 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பிச்சிடும். உருகினா அது குழாய்த் திருகா மாறலாம், குத்துவிளக்கா மாறலாம். எடை பெருசாக் குறையாது. பேர் மட்டும் இருக்காது. தராசில் அந்தப் பேருக்கு எடை கிடையாதே!

கொப்பரையைப் பத்திப் பெரியவர் சொன்னது வேற. "இது வாய் நல்லா அகலமா, அடி அடிபடாம இருக்கு. இதைக் கிலோவுக்குப் போடாதீங்க. கொண்டு வந்து காட்டச் சொல்லுங்க, 5,500 வரைக்கும் நானே எடுத்துக்கறேன்." குடங்கள் சாதாரணம்னுட்டார். அண்டாவுக்கு விலையே சொல்லலை. "முதல்ல வீட்ல கேட்டுக்கோம்மா"ன்னார். விக்கிறதுக்கு உட்கார்ந்திருக்கிற மனுஷர் அப்படிச் சொன்னது எனக்கு ஆச்சரியம்தான்.

லைனில் அப்பாயி

தெரு முனையில் ஒரு வேப்ப மரம். அங்கே நின்னு ஊருக்குப் போன் போட்டேன்.

"அப்பாயி, அந்தப் பெரிய அண்டா யாரோடது?"

"அது எங்க மாமியா கொண்டாந்தது. கல்யாணத்துக்கு அவுங்க அப்பா வீட்ல போட்டது."

"அவங்க பேர் என்ன அப்பாயி?"

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. லைன் கட்டாயிடுச்சோன்னு பார்த்தேன். அப்புறம் சிரிப்பு. "மாமியா பேர எந்த மருமவளாவது வாயால சொல்லுவாளா? போடி... அண்டாவத் திருப்பிப் பாரு. கழுத்துல இருக்கும்."

அப்பாயிக்கு 76 வயசு. மாமியார் இறந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆச்சு. இன்னும் அந்த மரியாதை! அப்பாவைக் கூப்பிட்டு டார்ச் அடிச்சு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது. புள்ளி புள்ளியா ஒரு இனிஷியல், எங்க ஊருக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு கிராமத்தின் பேர், அப்புறம் அவங்க பேர். அப்பா அடுத்து அனுப்பின மெசேஜ்: 'எனக்கே இப்பதான் முழுப் பேர் தெரியும். நாங்க ஆயான்னுதான் கூப்பிடுவோம்.'

யோசிச்சுப் பாருங்க. எங்க வீட்டுப் பெட்டியில் பட்டா இருக்கு. கொள்ளுத் தாத்தா பேரில். கிரயப் பத்திரம் இருக்கு. அதுவும் ஆம்பளைங்க பேரில். சுவரில் கொள்ளுத் தாத்தா போட்டோ மாலையோட இருக்கு. ஆயாவுக்குப் போட்டோ கிடையாது. 1940 வாக்கில் கல்யாணமாகி வந்து, அஞ்சு பிள்ளை பெத்து, நாத்து நட்டு, அந்த வீட்டை நிறுத்தின ஒரு பொம்பளையோட பேர், எங்க வீட்டில் எழுதியிருக்கிற ஒரே இடம் அந்த அண்டாவின் கழுத்து. அதைத்தான் ஞாயித்துக்கிழமை 4,400 ரூபாய்க்கு எடை போட இருந்தாங்க. அதுவும் எனக்கு ஃபீஸ் கட்ட!

அப்பாயி இன்னொண்ணும் சொன்னாங்க. "அவுங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா அண்டா வெளக்குறப்ப வெரல வெச்சுத் தடவி, 'இதான் எம் பேரு'ன்னு காட்டுவாங்க."

ஞாயித்துக்கிழமை கணக்கு

இந்த இடத்தில் சினிமாவா இருந்தா வயலின் வாசிச்சு, அப்பா கண் கலங்கி, 'எதையும் விக்க வேண்டாம்'னு சொல்லியிருப்பார். நிஜத்தில் அப்பா கேட்டது: "சரி, ஃபீஸுக்கு என்ன பண்றது?" நியாயமான கேள்விதானே! பரணில் தூங்கற பாத்திரத்துக்காகப் பொண்ணு படிப்பு நிக்க முடியுமா? அந்த ஆயாவே இருந்திருந்தா, "அண்டாவை வித்துட்டுப் புள்ளையப் படிக்க வைங்கடா"ன்னுதான் சொல்லியிருப்பாங்கன்னு அம்மா சொன்னாங்க. அதுக்கும் என்கிட்ட பதில் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவங்களோட பேரனுக்குப் பொண்ணு இன்ஜினீயர் ஆகிறது அவங்களுக்குப் பெருமையாத்தான் இருந்திருக்கும். அண்டாவும் வேணும், படிப்பும் வேணும். ரெண்டுக்கும் நடுவில் கணக்குப் போட்டுத்தான் ஆகணும்.

போட்டோம். சனிக்கிழமை அப்பாவே கொப்பரையைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸில் காரைக்குடி போனார். பெரியவர் சொன்ன வார்த்தை மாறாம 5,500 கொடுத்தார். கிலோவுக்குப் போட்டிருந்தா 3,600 தான். குடங்கள் ரெண்டும் ஞாயித்துக்கிழமை தராசுக்குப் போச்சு, 2,400. மொத்தம் 7,900. அண்டா நின்னுது. துண்டு விழுந்தது 2,500 ரூபாய்.

அந்தக் கொப்பரை இப்போ எந்த ரிசார்ட் வாசலில் பூ மிதக்க உட்கார்ந்திருக்கோ தெரியாது. போகட்டும். எல்லாத்தையும் கட்டிக் காப்பாத்தணும்னா வீடே மியூசியமாயிடும். நாம எங்கே தூங்கறது? காரைக்குடியில் பார்த்த அந்தப் பெரிய வீடுகளும் அதைத்தான் சொல்லுது. எதை விடலாம், எதை விடக் கூடாதுன்னு யாராவது ஒருத்தர் உட்கார்ந்து கேட்டிருந்தா, அந்தக் கடையில் அத்தனை பேர்கள் வரிசையா நின்னிருக்காது. யாரும் கேட்கலைன்னா, தராசு முடிவு பண்ணிடும்.

அதனால் இந்த லீவில் உங்களுக்கு ஒரு சின்ன அசைன்மென்ட். (இன்டர்னல் மார்க் கிடையாது, பயப்படாதீங்க.)

ஒண்ணு: பாட்டி வீட்டுக்குப் போனதும் பரண் ஏறுங்க. தூசிக்கு மூக்கைக் கட்டிக்கோங்க. ஒவ்வொரு பாத்திரத்தின் கழுத்தையும் அடியையும் பாருங்க. பேர் இருந்தா போட்டோ எடுங்க.

ரெண்டு: 'இது யாரோடது, எங்கே இருந்து வந்தது, எதுக்குப் புழங்கினது?'ன்னு பாட்டிகிட்ட மூணே மூணு கேள்வி கேளுங்க. பதிலை ரெக்கார்ட் பண்ணுங்க. ரீல்ஸ் எடுக்கிற அதே போன்தான், வலிக்காது!

மூணு: விக்க வேண்டி வந்தா வித்துடுங்க, தப்பே இல்லை. ஆனா, எடைக்குப் போடறதுக்கு முன்னாடி என்ன பொருள்னு தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட காட்டுங்க. எங்க கொப்பரைக் கணக்கில் வித்தியாசம் 1,900 ரூபாய். ஒரு மாச மெஸ் எக்ஸ்ட்ரா தாங்கும்.

நாலு: காரைக்குடி போறவங்க காலையிலேயே போயிடுங்க. தொப்பி, தண்ணி, காந்தம் மூணும் மறக்காதீங்க. வாங்கலைன்னாலும் எடுத்ததை எடுத்த இடத்தில் வைங்க. எனாமல் டப்பாவைக் கீழே போட்டா நட்பே முறிஞ்சிடும்.

அண்டா இப்போ பரணில் இல்லை. அப்பாயி அதைப் புளி போட்டு விளக்கி, முற்றத்தில் தண்ணி நிரப்பி வெச்சிருக்காங்க. போன வாரம் பக்கத்து வீட்டுக் குட்டிப் பொண்ணு, ஒண்ணாம் கிளாஸ், அதில் இருந்த புள்ளிகளை எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு "இது யாரு?"ன்னு கேட்டிருக்கா. அப்பாயி வழக்கம்போலப் பேரைச் சொல்லலை. ஆனா, ஒரு மணி நேரம் அவங்களைப் பத்திக் கதை சொல்லியிருக்காங்க.

அந்தத் துண்டு விழுந்த 2,500 ரூபாயா? அதில் ஆயிரத்தை எதிர் வீட்டுப் பசங்களுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்துத் தேத்திட்டேன். மீதி 1,500-க்குத்தான் உட்கார்ந்து இதை எழுதியிருக்கேன். எடிட்டர் சார், சன்மானம் போடும்போது கொஞ்சம் பார்த்துப் போடுங்க... அண்டா வெயிட்டா இருக்கு!